சரண்மானி காட்டிய எண்

காலை ஒன்பது மணிக்குச் சரண்மானியைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூட வேண்டும். 2071இல், போதையிலிருந்து மீண்டவர்கள் எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் ஊசி போட்டுக்கொள்ள எங்கள் வார்டு மையத்தில் இதுதான் முறை. ஆன்மிகச் சிகிச்சை என்று பெயர். எந்தச் சாமியை நினைத்தாலும் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. மூளையில் பக்தி எழும் இடத்தைக் கருவி ஸ்கேன் செய்யும். எண் அறுபதைத் தொட்டால் ஆறு மாதத்துக்கான ஊசி உண்டு. தொடாவிட்டால் மனம் திருந்தவில்லை என்று பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். போன வருடம் அப்படித் தள்ளப்பட்ட காசிம் பாய் திரும்பி வரவேயில்லை.

நான் நான்கு வருடமாக எண்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் நான் சாமியை நினைத்ததே இல்லை. பழைய போதைப் பவுடரை நினைப்பேன். அதைக் காய்ச்சிய கரண்டியை, புடைத்த கைநரம்பை நினைப்பேன். எண் எகிறும். ஏக்கம் எது, பக்தி எது என்று அந்தப் பாழாய்ப்போன கருவிக்குத் தெரியாது.

இன்றும் நினைத்தேன். கரண்டி வந்தது, ஆசை வரவில்லை. எப்போதோ காலி செய்த வாடகை வீட்டை நினைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

"இருபத்திரண்டுண்ணே," என்றார் ஆலோசகர் பிரிசில்லா. "என்னாச்சு உங்களுக்கு?"

"இன்னொரு வாட்டி பாக்கட்டுமா மேடம்?"

"ஒரே ஒரு வாட்டிதான். அப்புறம் அதுவே பேரைத் தள்ளிடும். என் கையில இல்ல."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. சனியன் விட்டுத் தொலைந்தது என்று கூத்தாட வேண்டிய நாள். உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று பெயரையே அடித்துவிடுவார்கள். வீட்டில் தேவகிக்கு ஏழாம் மாதம். ஊசி தவறினால் எனக்குள் கிருமி தலைதூக்கும். அவளுக்கும் குழந்தைக்கும்கூடப் பாதுகாப்பில்லை.

கண்ணை மூடினேன். யாரென்றே தெரியாத ஒருவரிடம், வாழ்க்கையில் முதல்முறையாகக் கெஞ்சினேன். அந்த ஆசையைத் திருப்பிக் கொடு சாமி. இன்று ஒருநாள் மட்டும் கொடு.

"தொண்ணூத்தி நாலு!" பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, மனசார வேண்டினா வருது! இன்னா வேண்டுனீங்க?"

"குடும்பத்துக்காகத்தான் மேடம்."

ஊசி போட்டு அனுப்பினார்கள். படியிறங்கும்போதே முழங்கை மடிப்பு அரித்தது, நாக்கு வறண்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பவுடர் விற்கும் தெருவைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப். பயத்தில் தேவகிக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஊசி போடலியா?"

"போட்டுட்டாங்க. நான் வீடு வந்து சேர்ற வரைக்கும் போனை வெச்சிடாத தேவகி. எதனாச்சும் பேசிக்கினே இரு."