தேதி கேட்கும் கணினி

"ஏளா, டீயில சீனி போட்டியா?" என்று கேட்டான் இன்னாசி.

"கலக்கிக் குடிண்ணே," என்றாள் தங்கை செலின். அவன் கலக்கவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

ஊரில் எல்லோரையும் போல இருவர் நெஞ்சிலும் நாடிச்சில்லு இருந்தது. இதயம் எப்போது துடிக்க வேண்டும் என்று மையம் வலை வழியே சொல்லும். பழைய சில்லுகளுக்கு அன்று மாலை ஆறோடு சேவை இல்லை என்று மையம் அறிவித்திருந்தது. அவர்களுடையது பழைய சில்லு.

ஆகவே தூத்துக்குடியில் ஓர் உப்புக் கிடங்கு, வலையே அறியாத ஒரு பழங்காலக் கணினி. யார் யாரோ இலவசமாகப் பகிர்ந்த மென்பொருள் துண்டுகளைச் சேர்த்து அதில் ஒரு சி நிரல்மொழிப் பட்டறை அமைத்திருந்தார்கள். எழுதியதைச் சில்லுக்குப் புரியவைக்கும் தொகுப்பி, துண்டுகளைக் கோக்கும் இணைப்பி, தேதி பார்த்து, திருத்திய கோப்பை மட்டும் தொகுப்பிக்கு அனுப்பும் கட்டுவான். மையம் இல்லாமலே இதயத்தைத் துடிக்கவைக்கும் நிரல் காலையிலேயே தயாராகிவிட்டது.

பிழையைக் கண்டவள் செலின். "பயத்துல நாடி எகிறுனா இது துடிப்ப நிறுத்திட்டுக் காத்திருக்கு. திரும்பத் தொடங்கச் சொல்லவே இல்லையேண்ணே."

"அப்போ உன் மூஞ்சியப் பாக்காம இருந்தாப் போதும்," என்றபடி கோப்பைத் திறந்தான்.

மின்சாரம் போய் வந்தது. கணினி விழித்ததும் தேதி கேட்டது. அதன் கடிகார பேட்டரி அவர்கள் பிறக்குமுன்பே செத்தது. தேதியை இன்னாசிதான் எப்போதும் தட்டிவிடுவான். அப்போது வெளியே மையத்தின் ரோந்து ஊர்தி இரைந்தது. தேதி தட்டாமல் வெறும் பொத்தானை அழுத்திக் கடந்தான். விட்டுப்போன வரியை எழுதிச் சேமித்தான். கட்டுவானை ஏவினான்.

'எல்லாம் புதியது' என்றது திரை.

"முடிஞ்சுதுளா." கேபிளை நெஞ்சில் மாட்டி நிரலை ஏற்றினான்.

ஊர்தி வாசலில் நின்றது. அவன் நாடி எகிறியது. நிரல் துடிப்பை நிறுத்திக் காத்திருந்தது. ஊர்தி போய்விட்டது. நிரல் காத்துக்கொண்டே இருந்தது.

கை சோரும்வரை அவன் நெஞ்சை அழுத்தினாள் செலின். நாடி திரும்பவில்லை. பிறகு திரையைப் பார்த்தாள். திருத்திய கோப்பின் தேதி 1980 ஜனவரி ஒன்று; யாரும் தேதி சொல்லாவிட்டால் அந்தக் கணினி எடுத்துக்கொள்வது அதைத்தான். காலையில் செய்த நிரலைவிடக் கோப்பு பழையது என்று நினைத்து, கட்டுவான் அதைத் தொகுப்பிக்கு அனுப்பவேயில்லை. அவன் நெஞ்சில் ஏறியது பிழையோடிருந்த காலை நிரல்தான். மையத்திடமிருந்து தப்பியவர்கள், வலை வழியே நேரம் சொல்லும் அதன் கடிகாரத்தையும் விட்டுவந்திருந்தார்கள்.

ஆறு நெருங்கியது. தேதியைத் தட்டினாள். கோப்பை மறுபடி சேமித்தாள். இம்முறை தொகுப்பி ஓடியது. அவன் நெஞ்சிலிருந்து கேபிளைக் கழற்றித் தன் நெஞ்சில் மாட்டி நிரலை ஏற்றினாள். பயத்தில் நாடி எகிறியது. நின்றது.

தொடங்கியது.

இப்போதும் பயந்தால் அவள் இதயம் ஒரு கணம் நிற்கும். அண்ணன் எழுதிய அந்த வரி மறுபடி தொடங்கிவைக்கும். மின்சாரம் போய் வந்தால் கணினி தேதி கேட்கும். அவள் சொல்லும்வரை அதற்கு இன்னும் 1980 ஜனவரி ஒன்றுதான்.