ஓரகத்தியிடம் கொடுத்த பிள்ளை

விடிந்ததும் விடியாததுமாகக் கூடாரத்துக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"திருடி! ராத்திரி வந்து பால் குடுத்திருக்கே... சத்தியமா குடுத்திருக்கே!"

மூத்த மருமகள் கலிபாவின் குரல் மேய்ச்சல் வெளியில் இருந்த ஒன்பது கூடாரங்களுக்கும் கேட்டது. அவள் கையில் மூன்று மாதக் குழந்தை பெக்தூர், முதுகை வில்லாக வளைத்துக் கதறிக்கொண்டிருந்தான்.

பெற்றவள் ஜூரா, அடுப்பின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூத்தாருக்குப் பிள்ளை இல்லை. இளையவனின் பிள்ளையைக் கொடுப்பது எங்கள் மேய்ச்சல் ஜனங்களின் வழக்கம். கொடுத்துவிட்டாள். அவளைக் கேட்டு எடுத்தார்களா என்றால், இல்லை. நாற்பதாம் நாள் மாமியார் சாய்கல் வந்து தூக்கிக்கொண்டு போனாள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னாள். கட்டினாள்.

"நான் குடுக்கலக்கா..."

"குடுக்காமலா உன் கைக்குப் போனதும் பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கிறான்? என்கிட்ட மரக்கட்டையா விறைக்கிறான்!"

மருத்துவச்சி ஒருத்தி பட்டணத்திலிருந்து வந்து, வயிற்று வலி என்று சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சொட்டு மருந்து என்ன செய்யும்? பாட்டில் காலியானது. அழுகை நிற்கவில்லை.

சாய்கல் எழுந்து வந்தாள். ஜூராவின் சட்டையை அவிழ்த்தாள். கட்டைப் பிரித்தாள். துணி உலர்ந்து கிடந்தது. மார்பைப் பிழிந்து பார்த்தாள்... ஒரு சொட்டு இல்லை! ஜூரா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மாட்டைச் சோதிப்பதுபோல் சோதித்தார்கள் அவளை.

"வத்திப்போச்சு" என்றாள் சாய்கல். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப மந்திரமா?" கலிபா விடவில்லை.

"மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. இங்க வாங்கக்கா."

குதிரைப்பால் புளிக்கும் தோல்பையின் அருகே கலிபாவைக் கூட்டிப் போனாள் ஜூரா. "இவன் வயித்துல இருந்தப்ப காலைலயும் சாயங்காலமும் நான்தான் பால் புளிக்க இந்த மத்தைக் குத்தினேன். வலி எடுத்த அன்னிக்கும் குத்தினேன். எல்லாரும் குடிச்சீங்க. அந்த ஆட்டத்துலதான் இவன் தூங்கிப் பழகினான். தூக்கினா என் உடம்பு தானா அப்படி ஆடுது. நீங்க சூடான சட்டியைப் புடிக்கிற மாதிரி தள்ளிப் புடிக்கிறீங்க. அவனும் விறைக்கிறான்."

கலிபாவின் வாய் கோணியது. "பெத்த மூணையும் மண்ணுல வெச்ச கைடீ இது... கீழ போட்டுருவேனோன்னு..."

முடிக்கவில்லை. தேம்பிவிட்டாள்.

ஜூரா குழந்தையை அவள் மார்போடு அழுத்தி வைத்தாள். பின்னால் நின்று அவள் இடுப்பைப் பிடித்தாள். "முழங்காலைத் தளர்த்துங்க. முன்னால சாயுங்க... மெதுவா... இப்ப பின்னால. மூச்சை அடக்காதீங்க!" இரண்டு பெண்களும் ஒரே உடம்பாக ஆடினார்கள். முதலில் குழந்தையின் முதுகு இளகியது. பிறகு கை. பிறகு கன்னம் கலிபாவின் கழுத்தில் சாய்ந்தது. அழுகை நின்றது.

ஜூரா கையை எடுத்துக்கொண்டாள். கலிபா தனியாகவே ஆடினாள். குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ஐயோ ஜூரா... நீயே எடுத்துட்டுப் போயிடு! நான் பாவி..."

"இப்ப சொல்றீங்களே! உங்ககிட்ட அடங்கினப்புறம் எடுத்துட்டுப் போயி, இன்னொரு தடவை அவனைக் கதற விடவா? வேண்டாம். எனக்கு வேற ஒண்ணு வேணும். திருடின்னு ஒன்பது வீட்டுக்கும் கேக்கக் கத்துனீங்க. இல்லேன்னும் கத்துங்க."

கலிபா மாமியாரைப் பார்த்தாள். சாய்கல் குனிந்த தலை நிமிரவில்லை. குழந்தையோடு வாசலுக்குப் போனாள் கலிபா.

"ஜூரா திருடி இல்ல! கேக்குதா எல்லாருக்கும்? நான்தான் பொய் சொன்னேன்... என் வாய்தான் நாறின வாய்!"

குதிரை கறந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தத்திலும் பெக்தூர் விழிக்கவில்லை.

அன்று மதியமே ஜூராவின் புருஷன் தோகோன் சாமான்களைக் குதிரையில் ஏற்றினான். பிள்ளையின் அழுகை எட்டாத கீழ்ப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கும் வேலையை முன்பே கேட்டு வாங்கியிருந்தான்.

"பிள்ளையை ஒரு தடவை பாத்துட்டு வா" என்றான்.

"நீங்க பாத்துட்டு வாங்க."

போனால் பிள்ளையைத் தூக்கக் கை நீளும். அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளாலும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.