ஒன்பதாம் படுக்கையை வாங்கிக்கொள்ள ஆளில்லை

கடைசி நாள் வேலைக்குப் போகும்போதுகூட வார்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்காமல்தான் நடந்தேன். பத்தொன்பது வருஷப் பழக்கம். நர்ஸ் வேலையை விடப்போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "புண்ணியமான வேலைய விடுறியே" என்றாள் நாத்தனார். அந்தப் புண்ணியத்தை அவளே மூட்டை கட்டிக்கொண்டு போகட்டும். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஏழு வயது மகள் என்னைவிடப் பக்கத்து வீட்டு அக்காவோடுதான் அதிகம் இருக்கிறாள். அவள் படிக்கிற பள்ளியிலேயே அலுவலக வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மேட்ரன் கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

இதெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் ஒன்பதாம் படுக்கை.

மூன்று மாதத்துக்கு முன்பு அதில் ஒரு பெரியவர் இருந்தார். மணிக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அழைப்பு மணியை அமுக்குவார். தலையணை சரியில்லை, ஜன்னல் சரியில்லை, நான் பிறந்ததே சரியில்லை. ஒரு நாள் காலையிலிருந்து அந்த மணிச் சத்தமே இல்லை. அன்று நாற்பது பேருக்கு நாங்கள் இரண்டே பேர். மனுஷன் மணியடிக்காமல் கிடக்கிறாரே, அதுவே போதும் என்று நான் அந்தப் பக்கம் போகவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தபடியே அவருடைய குறிப்புத்தாளை நிரப்பினேன். நாடித்துடிப்பு எழுபத்தாறு. முந்தைய எண்ணைப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து எழுதுவது. வேலை நெருக்கினால் எல்லோரும் செய்வதுதான்.

அரைமணி நேரம் கழித்து உடம்பு துடைக்கப் போன ஆயா கத்தினாள். உடம்பு விறைத்துப்போயிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "விடிகாலையிலேயே போயிருக்கணும்" என்றார். நான் எழுதிய தாளை யாரும் புரட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் படுக்கையில் எந்த நோயாளியும் தங்கவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுப்பதாகச் சொல்லி வேறு இடம் கேட்டார்கள். பன்னிரண்டு மணியானால் அங்கே ஒரு வாடை வரும். ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை. மேட்ரன் கடைசியில் மெத்தையைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டார்.

என் கடைசி நாளிலும் பன்னிரண்டு ஆனது. ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் படுக்கைக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பினேன்.

சுருட்டிய மெத்தை விரிந்து கிடந்தது.

நடுவில் ஆள் படுத்த பள்ளம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

"கையப் பிடிச்சுப் பாரு."

காதோரம் கிசுகிசுப்பாக வந்தது. அத்தனை வெறுப்பை நான் எந்தக் குரலிலும் கேட்டதில்லை. என் விரல்களுக்கு அடியில் ஒரு மணிக்கட்டு வந்து நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, எலும்பும் தோலும் கைக்குத் தெரிந்தன. பயத்திலும் பழக்கம் விடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன்.

"எத்தன?"

"ஒண்ணும் இல்ல."

"எழுபத்தாறுன்னு எழுதினியே."

"தப்புத்தான் ஐயா. மன்னிச்சிடுங்க."

"உன் மன்னிப்பு யாருக்கு வேணும்? உன் கையெழுத்துல நான் உசிரோட இருக்கேன். என்னை யார்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போவ?"

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பணி முடிந்து கிளம்புகிறவள் படுக்கை படுக்கையாக நின்று நிலவரம் சொல்ல வேண்டும். வருகிறவள் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை அந்த ஆள் கிளம்புகிறவளின் பொறுப்பு.

இரண்டு மணிக்கு என் இடத்துக்கு வந்தவள் ஒரு சின்னப் பெண். சேர்ந்து மாதம் ஆகாததால் எல்லோருக்கும் அவள் 'புதுசு'. முதல் எட்டுப் படுக்கையையும் ஒழுங்காக வாங்கினாள். ஒன்பதாம் படுக்கையில் நான் நின்றேன்.

"இதையும் வாங்கிக்கோ."

"காலியாத்தான இருக்கு? என்னன்னுக்கா வாங்குறது?"

"வாங்கிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வேணாம்க்கா. இந்த இடம் எனக்குப் பிடிக்கல" என்று பத்தாம் படுக்கைக்கு நகர்ந்துவிட்டாள். அவள் தலையில் கட்டப் பார்த்தேன் என்பதை நான் மறைக்கவில்லை. எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. மேட்ரனிடம் நடந்ததைச் சொல்லி அந்தத் தாளைத் திருத்த வேண்டும். இறந்தவரை இறந்தவர் என்று எழுத வேண்டும். அவர் மேசை முன்னால் போய் நின்றேன். சான்றிதழ் தயாராக இருந்தது. பேனாவைத் திறந்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

சொன்னால் கையெழுத்து விழாது. பள்ளி வேலையும் போகும்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

சாயந்திரம் மகளைக் கூப்பிட நானே பள்ளி வாசலுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். என் விரல் தானாக அவள் நாடியில் போய் நின்றது. குதித்துக்கொண்டு ஓடியது. போதும், இனி இந்த ஒரு கையைப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன்.

சாலையைக் கடக்கும்போது அவள் பேச்சு நின்றது.

"அம்மா, இந்தக் கைய விடச் சொல்லு. வலிக்குது."

குனிந்து பார்த்தேன். அவளுடைய இடது கை, பெரியவர்கள் பிடித்து நடக்கிற உயரத்துக்குத் தூக்கியபடி நின்றது. மணிக்கட்டில் நான்கு பள்ளங்கள் வெள்ளையாக அமுங்கியிருந்தன.

அவளை என் பக்கம் இழுத்தேன்.

அந்தப் பக்கமும் இழுத்தது.