சிவப்பாகத் தெரிந்த இடம்

குத்தியது அவள்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

திங்கட்கிழமை காலை வழக்கமான முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து வீரசோழன் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறியிருந்தாள் பிரவீணா. டிரைவர் போட்ட ஒரே பிரேக்... அவள் கையில் சுருட்டி வைத்திருந்த பெரிய தாள், முன்னால் நின்றவனின் கண்ணில் போய் இடித்தது.

“ஆத்தாடி! கண்ணையே பறிச்சிட்டீகளே!”

“நீங்க ஏன் வழியில நிக்கிறீங்க?”

“பஸ்ஸுல வழியில நிக்காம டாப்புலயா போயி நிக்க?”

சிரித்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் ஒரு கண்ணைப் பொத்தியிருந்தான். இன்னொரு கண் மட்டும் சிரித்தது. அடேயப்பா, அது என்ன கண்! ஒற்றைக் கண்ணே இந்தப் பாடு படுத்தினால்...

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் இறங்க மறுத்தது. அவன் அவளிடம் கேட்கவேயில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுடைய தாளைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றான்.

“உள்ள என்ன, கோயில் நோட்டீஸா?”

“சேட்டிலைட் படம். நான் ஜியாகரபி டீச்சர். எங்க ஸ்கூல் இருக்கிற ஊரை வானத்துலேருந்து எடுத்தது. நீலம்னா தண்ணி, சிவப்புன்னா பச்சை இலை.”

“பச்சையச் செவப்புன்னு காட்டுதா? நல்ல படம்தான், போங்க!”

திருச்சுழியில் ஏதோ வேலையென்று அவன் இறங்கிப்போன பிறகுதான் துண்டு தன்னிடமே இருப்பது தெரிந்தது. பேர்கூடக் கேட்கவில்லை, மக்கு!

அன்று ஒன்பதாம் வகுப்பில் அந்தப் படத்தை மாட்டினாள். சித்திரை மாதம் எடுத்த படம். ஊரே வெளிறிக் கிடக்க, கண்மாயின் மூலையில் மட்டும் பளீரென்று ஒரு சிவப்பு.

“கோடையில இவ்வளவு சிவப்புன்னா என்ன அர்த்தம்? யாரோ தண்ணி பாய்ச்சுறாங்க. கண்மாய்க்குள்ள விவசாயம் நடக்குது” என்றாள், பெருமையாக.

“டீச்சர், அந்த எடத்துல ஒரே முள்ளுக்காடு. யாரும் உள்ள போகமாட்டாக” என்றாள் முனீஸ்வரி என்ற மாணவி.

“வெளியே முள்ளு. உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீடு அதைத் தெருவுக்குக் கொண்டுபோனது. தெருவில் அதற்குக் கிணறு முளைத்தது, மிளகாய்த் தோட்டமும் முளைத்தது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஒருவன் வேகமாகப் படியேறி வந்தான்.

“அந்தப் படத்த மாட்டுன டீச்சர் யா...”

பாதியில் நின்றது பேச்சு. அதே கண்கள். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

“நீங்களா இருக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்” என்றான். குரல் இறங்கியது. “எங்கய்யா பேரு மாரிச்சாமி. கண்மாய் மடைச் சாவி இருவத்திரெண்டு வருசமா அவருகிட்டதான் இருக்கு. கடேசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேராம வீட்டுக்கு வரமாட்டாரு. அந்தச் சாவிய இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கூட்டம் போட்டுப் பிடுங்கப் போறாக. உங்க படத்தால.”

“நான் யார் பேரையும் சொல்லலையே!”

“அந்த முள்ளுக்காடு எங்க புஞ்சைய ஒட்டிக் கெடக்கு. ஊர்த் தண்ணியத் திருடி வெள்ளாம வைக்கிறதா வேற யாரு பேரச் சொல்லுவாக? எங்கய்யா எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டாரு. சேட்டிலைட்டு பொய் சொல்லுமாங்கிறாக.”

அவளுக்குள் ஏதோ சரிந்தது. ஆனால் வாய் வேறு பேசியது. “தண்ணி பாய்ச்சாம அந்தச் சிவப்பு வராது. படம் பொய் சொல்லாது.”

“அப்ப வந்து பாருங்க. படத்துல எந்த எடமோ, அதே எடத்துல நின்னு சொல்லுங்க.”

“எனக்கு கிளாஸ் இருக்கு.”

“எங்கய்யா நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, டீச்சர்.”

போய்விட்டான். அடுத்த வகுப்பில் அவள் என்ன நடத்தினாளோ, அவளுக்கே தெரியாது. தப்பாக இருந்தால்? ஐயோ, அத்தனை பேர் முன்னாலும்... அவன் முன்னாலும்...

மூன்றரைக்கு அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினாள்.

கண்மாய்க் கரையில் அரிவாளோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முள்ளை வெட்டி வழிவிட்டுக்கொண்டே முன்னால் போனான். செல்போனில் படத்தின் இடத்தைக் குறித்துவைத்து, அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். முந்தானை கிழிந்தது. கையில் ரத்தம் கோடு போட்டது. அவன் திரும்பிப் பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வெட்டினான்.

“இங்கதான்” என்றாள்.

கிணறு இல்லை. மிளகாய் இல்லை. நாலாபக்கமும் சீமைக்கருவேலம். தலைக்கு மேலே பொடிப்பொடியாய்ப் பச்சை இலைகள்.

“இது... சித்திரையிலயும் இப்படித்தான் இருக்குமா?”

“அக்கினி நட்சத்திரத்துலயும் வாடாது. வேரு எவ்வளவு ஆழம் போயிக் குடிக்குதோ! இதுக்குப் போயி எவன் தண்ணி பாய்ச்சுவான்?”

ஜவுளிக்கடை வீட்டுப் பெண் அவள். பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற முள்மரம் என்பதற்கு மேல் அவளுக்கு அது எதுவுமே இல்லை. பச்சை இலையெல்லாம் படத்தில் சிவப்புதான். எந்த இலை என்று அவள் போய்ப் பார்க்கவில்லை. ஐயோ, ஒரு மனுஷரின் மானத்தை வாங்கிவிட்டேனே!

மணி நாலே முக்கால்.

“ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, நான் வாசிச்சுக்கிடுறேன். பிள்ளைக முன்னாடி நீங்க வந்து நிக்கவேணாம்” என்றான் அவன், எங்கோ பார்த்துக்கொண்டு.

இத்தனை கோபத்திலும்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு கருவேலங்கொப்பை ஒடித்துக்கொண்டு நடந்தாள்.

மடைக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. அவளுடைய பிள்ளைகளும் நின்றார்கள். மாரிச்சாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

“குடுக்காதீங்க அய்யா!”

எல்லாரும் திரும்பினார்கள். பிரவீணா கொப்பைத் தூக்கிக் காட்டினாள். “படம் பொய் சொல்லலை. நான்தான் தப்பா படிச்சேன். அந்தச் சிவப்பு இந்தக் கருவேலம். இப்பதான் உள்ளே போய் நின்னு பார்த்துட்டு வரேன். விவசாயமும் இல்லை, கிணறும் இல்லை.”

“டீச்சரே தப்பாப் படிச்சா பிள்ளைக என்னத்தப் படிக்கும்?” என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. அவள் முகம் எரிந்தது.

“இதைத்தான் படிக்கணும். திங்கட்கிழமை முதல் பீரியட் இதுதான். போய்ப் பார்க்காம சொன்னது என் தப்பு... என்னை மன்னிச்சிடுங்க.”

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. மாரிச்சாமி சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு அவளுடைய கையைப் பார்த்தார்.

“ரத்தமா இருக்கே... சாப்பிட்டியாம்மா?”

சாப்பிடாதவர் அவர். அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

பஸ் நிறுத்தம் வரை அவன் கூடவே வந்தான், நாலடி தள்ளி. தூறல் போட்டது. பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள்.

“இன்னொரு தப்பும் ஒத்துக்கணும்” என்றாள். “நீங்க வந்து கேட்டப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வேற யாரா இருந்தாலும் உடனே கிளம்பியிருப்பேன். உங்க முன்னாடி தோக்க முடியலை.”

“எங்கிட்ட மட்டும் என்ன?”

“அந்தத் திங்கட்கிழமையிலேருந்து இந்தத் துண்டைப் பையிலயே வச்சுக்கிட்டு முதல் பஸ்ஸுல உங்களைத் தேடுறேன். அதான்... உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. போதுமா?”

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“நீங்க முத பஸ்ஸா?” என்றான் மெதுவாக. “செவ்வாயும் புதனும் விடியமுன்ன டவுனுக்குப் போயி, அந்த அடுத்த பஸ்ஸுக்காகக் காத்துக் கெடந்தேன் டீச்சர். டவுனுல எனக்கு ஒரு சோலியும் இல்ல. வேற எதுக்குப் போனேன்னு நெனைக்கிறீக?”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “எங்க வீட்ல லேசுல ஒத்துக்கமாட்டாங்க...”

“எங்கய்யாவும்தான் லேசுல யாரையும் சாப்பிட்டியான்னு கேக்கமாட்டாரு.”

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். “கண்ணு வலி போயிடுச்சா?”

“இல்ல. இன்னும் இருக்கு.” நனைந்துகொண்டே சிரித்தான். “எம்பேரு ஜெகதீஸ்வரன். திங்கக்கெழம முத பஸ்ஸுக்கு வாரேன்.”