விலாவுக்குள் ஒரு தட்டல்

டாக்டர் கருவியை எடுத்த பிறகும் விலாவுக்குள் இன்னொரு தட்டல் விழுந்தது.

பஸ் டிரைவர் வலது கையைத் தலைக்குமேல் வைத்து மல்லாந்து கிடந்தான். சாதாரணத் தலைவலி மாத்திரை ஈரலில் படிந்த கொழுப்பைக் கரைக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சியில் அவனும் ஓர் ஆள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க, ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி விலாவிடுக்கில் ஊன்றி, கதவைத் தட்டுவதுபோல் தட்டும்.

"டாக்டர், உள்ள இருந்து ஏதோ திருப்பித் தட்டுது."

"அசையாம படுங்கன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"மாத்திரையாலயா?"

"உங்களுக்குக் குடுக்கிறது நிஜ மாத்திரையா, வெறும் மாவான்னு எனக்கே தெரியாது. முடியுற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது, அதான் முறை. ஒழுங்கா முழுங்குறீங்கல்ல?"

"தினமும் முழுங்குறேன்."

பச்சைப் பொய். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை அக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் இதே நோய். சர்க்கரை அதிகம் என்று ஆராய்ச்சியில் சேர்க்காமல் துரத்திவிட்டார்கள். தூக்கி வளர்த்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் எவன் மறுப்பான்? நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தான். இப்போது அவளுக்கும் இந்தத் தட்டல் வந்திருந்தால்? அவளை உடனே இங்கே இழுத்துவர வேண்டும்.

அக்கா குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பூசணம் பிடித்த சுவர்களும் யாரோ கருகவிட்ட பாலின் நாற்றமுமாக இருண்டு கிடந்த படிகளில் அவன் மூச்சு வாங்க ஏற ஏற, முதலில் சோம்பலாக விழுந்த தட்டல் வேகம் பிடித்து, மாடிக்கு மாடி பலமாகி, அவள் வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றது. நின்றதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

அவள் கதவைத் திறந்தாள். முகம் மஞ்சள் பூத்திருந்தது.

"மாத்திரை எங்கடா?"

"இனிமே வேணாம்க்கா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நடந்ததையெல்லாம் நானே சொல்லிடுறேன்."

"ஓஹோ! நீ பொழைக்கணும், நான் சாகணும். நல்லா இருக்குடா உன் நியாயம்."

"உனக்கு உள்ள ஏதாவது தட்டுதாக்கா?"

அவள் வசவு பாதியில் நின்றது. வலது விலாவைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா. தூங்க விடல. உங்கிட்ட சொன்னா நீ மாத்திரைய நிறுத்திடுவேன்னு சொல்லல."

டொக்.

அவளிடமிருந்து.

டொக்.

இவனிடமிருந்து.

பின்வாங்க நினைத்தான். கால் முன்னே போனது. அவளும் வந்தாள், வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே. நகம் பெயர்ந்தது. பிடி விட்டது.

"தம்பி, தள்ளிப் போடா!"

"முடியலக்கா!"

விலாவோடு விலா மோதியது. தட்டல் நின்றது. சட்டைக்கடியில் தோல் புடைத்தது. சூடு. ஈரம்.

அவன் குனிந்து பார்த்தான். அவள் பக்கத்திலிருந்து ஈரலின் கரிய மடல் ஒன்று துணியைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அவன் பக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தடவிப் பார்த்தன, பிறகு மெதுவாக, விரல்களைப்போல், கோத்துக்கொண்டன.