மிஸ்டர் சிலுவையம்மாள்

"அஞ்சு வருசம் மேடம்! நாளைக்குள்ள பதில் போவலன்னா, அஞ்சு வருசத்துக்குக் கனடா பக்கம் தலவெச்சிப் படுக்க முடியாது!"

எண்ணூர்ப் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடமாக வெல்டராக இருக்கும் ஃப்ரெடி, இரண்டு காகிதங்களை மேசைமேல் அறைந்தான். ஜானட் அசையவில்லை. துறைமுகச் சுங்க அலுவலகத்தில் இருபது வருடம் சரக்குப் பத்திரங்களில் பொய் தேடியவர் அவர். இப்போது ராயபுரம் கல்மண்டபத்தில் அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். அவருக்கு உதவியாளர் ஆட்டோக்கார வல்லரசு.

முதல் காகிதம் கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சல். 'நீங்கள் கொடுத்த அனுபவக் கடிதத்தைத் தான் எழுதவில்லை என்கிறார் பட்டறை முதலாளி. ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால், பொய் ஆவணம் கொடுத்ததாக ஐந்து வருடத் தடை.' அது வந்தது ஃப்ரெடியின் விசா ஏஜெண்ட் வேதமாணிக்கத்துக்கு. அந்த மகானுபாவர் ஆறு நாள் அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு இன்று காலையில்தான் காட்டியிருக்கிறார். கொழுப்பைப் பாருங்கள்!

"ஏஜெண்ட் இன்னா சொல்றாரு?"

"நான்தான் டூப்ளிகேட் அடிச்சிக் குடுத்தேனாம். முதலாளி சாலமன் அண்ணன் குடுத்த ஒரிஜினல நான் கையோட குடுத்தேன் மேடம். இந்த லெட்டர இன்னிக்குத்தான் பாக்குறேன்."

வல்லரசு துள்ளினான். "சாலமன்தான் மேடம்! நல்ல வெல்டர வுட மனசு வருமா? எழுதிக் குடுத்துட்டு, போன் வந்தப்போ இல்லன்னுட்டாரு."

ஜானட் இரண்டாவது காகிதத்தை எடுத்தார். கனடாவுக்குப் போன அந்த அனுபவக் கடிதத்தின் நகல். பட்டறைத் தலைப்பு, சீல், கையெழுத்து, ஒழுங்கான இங்கிலீஷ். 'மிஸ்டர் சிலுவையம்மாளின் மகன் ஃப்ரெடி எங்கள் பட்டறையில்...' அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"சிலுவையம்மாள் யாரு?"

"எங்கம்மா. அப்பா வுட்டுட்டுப் பூட்டாரு. அதான் பாஸ்போர்ட்ல அம்மா பேரப் போட்டேன்."

"பட்டறை ரெக்கார்டுல?"

"அங்க அப்பா பேருதான், அருள்பிரகாசம். சேரும்போது குடுத்த சர்ட்டிபிகேட்ல அப்டித்தான் கீது."

"பாஸ்போர்ட்ட யாருக்குக் காட்டின?"

"ஏஜெண்டுக்கு மட்டும்தான்."

"வல்லரசு, வண்டிய எடு. சாலமனையும் இவங்கம்மாவையும் ஏஜெண்ட் ஆபீசுக்குக் கூட்டிகினு வா."

திருவொற்றியூரில் வேதமாணிக்கத்தின் அறை ஏசியில் குளிர்ந்து கிடந்தது. சுவரில் பெரிய போர்டு: 'உங்கள் ஃபைல் எங்கள் டெல்லி நிபுணர்களின் கையில்.' ஃப்ரெடியும் சாலமனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலுவையம்மாள் மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"பையன் குடுத்தத அனுப்பினோம். நாங்க என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" என்றார் வேதமாணிக்கம்.

ஜானட் கடிதத்தை விரித்தார். "இத எழுதினது ஃப்ரெடியா? பெத்த அம்மாவ எவனும் மிஸ்டர்னு எழுதமாட்டான். சாலமனா? இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? பட்டறை வாசல்ல பத்து வருசமா அக்கா கையாலதான் மீன் வாங்குறேன்!" சாலமன் கொதித்தார். "நான் எழுதினா அருள்பிரகாசம் மகன்னு எழுதிருப்பேன். ரெக்கார்டுல அதான் கீது."

"அப்போ எழுதின ஆளு பாஸ்போர்ட்டப் பாத்தவன். ஆனா சிலுவையம்மாள்னா பொம்பளப் பேருன்னு தெரியாதவன். தமிழே தெரியாதவன். பாஸ்போர்ட் வந்த ஒரே இடம் இது. இங்கேருந்து ஃபைல் எங்க போவுதுன்னு உங்க சுவரே சொல்லுது."

வேதமாணிக்கத்தின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது.

"ஒரிஜினல்ல வேலை விவரம் கம்மி, மேடம். எண்ணூர் வரைக்கும் போயி மாத்தி வாங்கணும். டெல்லிக்காரன் அவனே தலைப்பையும் சீலையும் ஸ்கேன் பண்ணி, புதுசா அடிச்சிட்டான்..."

"நான் கேட்டா எழுதித் தரமாட்டேனா?" சாலமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஒரு போனு போட்டியா நீ?"

"உங்களுக்குத் தமிழ் தெரியும்." ஜானட்டின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஒருதடவ படிச்சிருந்தா இந்தத் தப்பு கண்ணுல பட்டிருக்கும். நீங்க படிக்கவேயில்ல. ஒருத்தன் வாழ்க்கைய அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சிக்கூடப் பாக்கல!"

வெட்கங்கெட்ட மனிதர், ஏசியைத்தான் பார்த்தார்.

சாலமன் அங்கேயே உட்கார்ந்து, வேலை விவரத்தோடு புதுக் கடிதம் எழுதினார். நடந்ததை ஒன்றுவிடாமல் ஜானட் தட்டச்சு செய்து, வேதமாணிக்கத்தின் முன் நீட்டினார். இரண்டும் இன்றே கனடாவுக்குப் போகவேண்டும். வேதமாணிக்கம் பேனாவைத் திறந்து நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

சிலுவையம்மாளின் செதில் ஒட்டிய கை காகிதத்தின்மேல் விழுந்தது.

"படிக்காம கையெழுத்துப் போடாத நைனா. எல்லாருக்கும் கேக்கறமாரி படி."

அவர் படித்தார். தாம் ஆறு நாள் மறைத்ததைப் படித்தார், டெல்லியில் அடித்ததைப் படித்தார். "திருமதி சிலுவையம்மாளின் மகன் ஃப்ரெடிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை" என்ற வரியில் குரல் இறங்கி முணுமுணுப்பாகிப் போனது.

"அந்த வரிய இன்னொரு தபா படி," என்றாள் சிலுவையம்மாள். "கணீர்னு படி."