வண்டிக்கு இரண்டு மூக்கு

நின்ற வண்டிக்குள் காற்று வரக் கூடாது. அதுவும் சித்திரை மாசத்து உச்சிவெயிலில், ஆஸ்பத்திரி வாசல் புளியமரத்தில் ஒரு இலைகூட அசையாதபோது, இஞ்சின் அணைத்த வண்டிக்குள் எப்படி வரும்? ஆனாலும் டேஷ்போர்டின் இடது மூக்கிலிருந்து ஞானதாஸின் புறங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. நின்றது. திரும்பவும் பட்டது.

மூக்கு என்று பேர் வைத்தவனே அவன்தான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட லாரியில் இரண்டு கட்டில், ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டின வண்டி அது. நர்ஸம்மாக்கள் அதற்குள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் ஊராகப் போவதால் ஜனங்கள் வீட்டு வண்டி என்பார்கள். டிரைவருக்கு முன்னால் இரண்டு வட்ட ஓட்டைகள். ஓடும்போது வெளிக்காற்றை வாங்கி, தகரக் குழாய் வழியாக இடது மூக்கு பெரிய கட்டிலுக்கும் வலது மூக்கு சின்னக் கட்டிலுக்கும் அனுப்பும். அம்புட்டுதான் அதற்கு வேலை.

இன்றைக்கென்று பார்த்தா இந்தச் சனியன் மக்கர் பண்ண வேண்டும்? கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, பிறந்து பத்து நாள். இன்னும் அரை மணியில் பெண்டாட்டி ஆனந்தமேரியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு, எரியோட்டுக்குப் போக வேண்டும். இந்த வண்டி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கெஞ்சிப் பார்த்தான். வேறு வண்டி இல்லை.

பானட்டுக்கு மேலிருந்த மூடியைத் திறந்து பார்த்தான். வலையைக் கழற்றித் தட்டினான். காய்ந்த வேப்பம்பூ கொட்டியது. குளவிக் கூடு இல்லை, குழாய் விரிசல் விடவில்லை, மூடியை இழுக்கும் கம்பியும் நேராகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து மூக்கருகே பிடித்தான். இடது மூக்கு புகையை நிதானமாக உள்ளே இழுத்தது, நிதானமாக வெளியே விட்டது. வலது மூக்கும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, வேகவேகமாக, பச்சைப்பிள்ளை தூங்குகிற மாதிரி. திரும்பி வந்த புகையில் சுருட்டு வாசம் இல்லை. கரி. சாம்பிராணி.

அந்த வாசம் அவனுக்குத் தெரியும். போன மார்கழியில் சிறுமலையிலிருந்து, பிள்ளை பெற்ற பேச்சாயி என்பவளை இறக்கிக்கொண்டு வரும்போது பாதையில் மரம் விழுந்து கிடந்தது. நர்ஸம்மா மலையிலேயே தங்கிவிட்டாள். விடியும் வரை நிற்க வேண்டியதாயிற்று. "அண்ணே, காத்து வருதுண்ணே. பிள்ளை நடுங்குது" என்றாள் பேச்சாயி. நல்ல மனசோடுதான் செய்தான். கும்முட்டி அடுப்பில் கரி போட்டு, சாம்பிராணி தூவி உள்ளே வைத்தான், ஜன்னலைச் சாத்தினான், இரண்டு மூக்கிலும் சாக்குத் துணியைத் திணித்தான், மரம் வெட்ட வந்தவர்களோடு போய் நெருப்புக் காய்ந்து தூங்கிவிட்டான். விடிந்து கதவைத் திறந்தால் தாயும் பிள்ளையும் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தார்கள்.

அதுவரை செய்தது தெரியாமல் செய்தது. அப்புறம் செய்ததற்கு என்ன பேர்? சாக்கை உருவி எரித்தான். "நான் வேணாம்னுதான் சொன்னேன், அவதான் அடுப்பை உள்ள இழுத்து வச்சுக்கிட்டா" என்றான். அவள் புருஷன் பொம்மையன் அதை நம்பி, குழிமேட்டில் நின்று செத்தவளையே வாய்க்கு வந்தபடி திட்டினான். ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

ஆனந்தமேரி வந்து பெரிய கட்டிலில் படுத்தாள். பிள்ளையைச் சின்னக் கட்டிலில் போட்டு, விழாமல் சேலையால் அணை கட்டினாள். அவள் தின்ற லேகியத்தின் வாசம் வண்டி முழுக்க வந்தது. நல்ல வாசம். அது போதும் என்று வண்டியை எடுத்தான்.

தாடிக்கொம்பு தாண்டியதும் ரோடு வெறிச்சோடிப் போனது. இரண்டு பக்கமும் சோளத்தட்டை அறுத்த காடு, அனல், ஒற்றைப் பனை. மூக்கிரண்டும் இப்போது சத்தமாகவே மூச்சு விட்டன. இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அவன் தலைக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னலைத் தள்ளினாள் ஆனந்தமேரி. "ஏங்க, முன்னால யாரை ஏத்தியிருக்கீங்க?"

"யாருமில்ல."

"மூச்சு விடுற சத்தம் கேக்குது. கரி வாசம் வேற. காத்து மூஞ்சியில அடிக்குதுங்க, பிள்ளைக்கு ஆகாது. அதை அடைச்சு விடுங்க."

"வேணாம் மேரி. செத்த நேரம் பொறுத்துக்க."

"பச்ச உடம்புக்காரி சொல்றேன், கல்லு மாதிரி ஓட்டுறீங்களே! ஒரு துணிய வச்சு அடைச்சா என்ன, குறைஞ்சா போயிருவீங்க?"

அவளுக்காக அடைத்தான் என்று சொன்னால் பொய். அந்தச் சத்தத்தை அவன்தான் தாங்க முடியாமல் இருந்தான். வண்டியை ஓரங்கட்டி, தோள்துண்டை இரண்டாகக் கிழித்து இடது மூக்கில் திணித்தான். உள்ளிருந்து தள்ளியது. கட்டைவிரலால் அழுத்தினான். திமிறியது. வலதிலும் திணித்து அழுத்தினான். அது கொஞ்ச நேரம்தான் திமிறியது.

"செத்துத் தொலை" என்றான்.

நின்றது. இரண்டும் நின்றன. அப்பாடா! உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு லேசானது. ஒரு மைல் தூரம் நிம்மதியாக ஓட்டினான்.

"இப்பச் சரியா மேரி?"

ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"மேரி?"

தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். சின்ன ஜன்னல் வழியாக இரண்டு கட்டிலும் தெரிந்தன. இரண்டிலும் அசைவில்லை. வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினான். திறந்ததும் கரிச் சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே அடுப்பு இல்லை. நெருப்பு இல்லை. மேரியை உலுக்கினான். தலை தொங்கியது. பிள்ளையின் வாயில் கன்னத்தை வைத்தான். ஒன்றும் படவில்லை.

அடைத்தது நான்தானே. நான்தானே அடைத்தேன்.

முன்னால் ஓடி இரண்டு துணியையும் பிடுங்கினான். மூக்குகள் இழுக்கவில்லை, விடவில்லை. வெறும் ஓட்டை. அதிலிருந்து லேகிய வாசமும் பால் வாசமும் மெல்ல வந்து அடங்கிக்கொண்டிருந்தன.

"ஆண்டவரே! நான்தான் கொன்னேன், பேச்சாயி! நான்தான்!" என்று கத்தினான். காடு கேட்டுக்கொண்டு கிடந்தது.

இடது மூக்கில் வாயை வைத்து ஊதினான்.

கண்ணாடியில் ஆனந்தமேரியின் நெஞ்சு ஏறியது.

வாயை எடுத்தான். இறங்கியது.

வலதில் ஊதினான். பிள்ளையின் வயிறு எழும்பியது. அதற்குள் அவளுக்கு உதடு நீலம் பாய்ந்தது. இடதுக்குத் தாவினான். ஊதினான். அவள் கண் திறந்தாள். அவனைப் பார்த்தாள். பிள்ளை அடங்கியது. வலதுக்குத் தாவினான்.

பிள்ளைக்கு வேகம் வேண்டும். அவளுக்கு நிறைய வேண்டும். மூக்கு இரண்டு. வாய் ஒன்று.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. தகரம் உதட்டைச் சுட்டது.

இடது. வலது, வலது. இடது.

வலது, வலது.

இடது.